செட்டு இன்னும் முடியவில்லை

ஜூன் 16, ஞாயிறு

பிக்கப் வண்டியோடு கம்பெனியிலிருந்தே வந்த பாட்டு செட்டு இன்று காலை முழுசாகக் கண்ணை மூடிவிட்டது. ஆறு மாதமாகவே ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தது. டிஸ்பிளேயில் எழுத்து தெரியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. பதிமூன்று வருடம் உழைத்த பொருளைக் குறை சொல்லக்கூடாது. இப்போது வருகிற செட்டுகள் பதிமூன்று மாதம் தாங்கினாலே பெரிய விஷயம்.

பகவதி புதுச் செட்டு வாங்கியே வைத்துவிட்டாள். பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இது புளூடூத் உள்ளது மாமா, போன் வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டாம், ஓட்டிக்கொண்டே பேசிவிடலாம் என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். கோவில்பட்டியில் கேன் தண்ணீர் போடுகிற தொழிலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும். ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று எடுத்தால் ஒரு தெருவை முடிப்பதற்குள் மதியமாகிவிடுகிறது.

கடைக்காரன் சும்மாவே மாட்டித் தருகிறேன் என்றானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் கேபிள் இணைத்தவன் வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, பல்லால் ஒயரைக் கடித்து இழுக்கிற ஆட்களிடம் என் மகன் வண்டியை விடுவதா?

துறையில் பழுதுப் பதிவேடு எழுதும்போது முதலில் ஆட்கள் பெயர், பிறகுதான் பழுது. அந்தப் பழக்கம் விடவில்லை. நான் கோமதிநாயகம், வயது அறுபத்தெட்டு. மனைவி உலகம்மாள். பகவதி மருமகள். வண்டியும் தொழிலும் மகன் செந்தூர்பாண்டியுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு, முப்பத்து மூன்று வயதில், மாரடைப்பில் போய்விட்டான். அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பழுது: செட்டு வேலை செய்யவில்லை. ஆகும் காலம்: மூன்று நாள்.

ஜூன் 17, திங்கள்

டேஷ்போர்டைப் பிரித்தேன். பதிமூன்று வருடத் தூசி. இரண்டு கிளிப் உடைந்தது. பழைய பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒயர்களைச் சேர்க்கிற கம்பெனி கப்ளரும் புதுச் செட்டின் கப்ளரும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. இது எதிர்பார்த்ததுதான். ஒயர்களின் நிறமும் வேறு வேறு. டெஸ்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அட்டையில் படம் போட்டுக்கொண்டேன். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், செட்டின் ஞாபகத்துக்கு. சிவப்பு சாவியோடு வரும். கறுப்பு எர்த். மற்றதெல்லாம் ஸ்பீக்கர், ஜோடி ஜோடியாக.

உலகம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டுப் பெட்டிக்கு இத்தனை குடலா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 19, புதன்

செட்டு பாடிவிட்டது. நான்கு ஸ்பீக்கரும் கேட்கிறது. பகவதி போனைச் செட்டோடு சேர்த்தாள். சேர்த்த அடுத்த நிமிடம் போன் வந்தது. "யக்கா, ரெண்டு கேனு, சீக்கிரம், சோறு வைக்கத் தண்ணி இல்ல" என்று ஒரு பெண்குரல் வாசல் முழுக்கக் கேட்டது. பூனை பயந்து ஓடியது. பகவதி சிரித்தாள். உலகம்மாளும் சிரித்தாள். நானும்தான். இந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், கணக்கு கிடைக்கவில்லை.

பாக்கி: ஒயரைக் கட்டி உள்ளே தள்ளுவது, மைக்கை மேலே பொருத்துவது, ஃபிரேம் மாட்டுவது. இரண்டு மணி நேர வேலை. நாளை முடிந்துவிடும்.

ஜூன் 20, வியாழன்

இன்று முடியவில்லை.

நடந்ததை எழுதலாமா கூடாதா என்று மாலை முழுக்க யோசித்தேன். லைன்மேனுக்கு ஒரு தர்மம் உண்டு. கம்பத்தில் ஏறிச் சோதனைக் கருவியை லைனில் மாட்டினால் ஊரார் பேச்சு காதில் விழும். யார் வீட்டில் நகை போயிற்று, யார் பெண்ணை யார் பார்க்க வருகிறார்கள், எல்லாம். கேட்டது கம்பத்தோடு போச்சு என்று இறங்க வேண்டும். முப்பத்தாறு வருடத்தில் ஒரு வார்த்தை நான் கீழே கொண்டுவந்ததில்லை. இந்த நோட்டு கீழே இல்லை, பீரோவுக்குள் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

காலை லோடு முடிந்து வண்டி வாசலில் நின்றது. சாவியைப் போட்டுவிட்டு, சீட்டில் உட்கார்ந்து ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் பகவதியின் போன் அடித்தது. அவள் அங்கே எடுத்தாள். ஆனால் போன் செட்டோடு சேர்ந்திருந்ததால் பேச்சு அவள் காதுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டது. ஆண் குரல். யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பிளான்ட்டில் மிஷின் பார்க்கிற தளவாய்.

"பகவதி, கேக்குதா? இங்க ஒண்ணுமே கேக்கல. சரி, கேக்காட்டியும் சொல்லிருதேன். அம்மா சரின்னுட்டாக. ஆடி பொறக்கதுக்குள்ள பேசி முடிச்சிரணும்ங்காக. செட்டு வேலையில இருக்காக, முடிச்சதும் மாமாட்ட சொல்லிருதேன்னியே, முடிஞ்சுதா? எனக்கு அவுகள நெனச்சாதான் பயமா இருக்கு."

சமையலறையில் பகவதி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் சாவியை அணைத்தேன். பேச்சு அவள் போனுக்கே போய்விட்டது. அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

எர்த் சரியில்லை என்று நினைக்கிறேன். செட்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

செட்டைக் கழற்றிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பகவதி, என்ன மாமா, நல்லாத்தானே பாடிச்சு என்று கேட்டாள். எர்த் கோளாறு, அப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றேன். அது பொய் இல்லை. எர்த் கோளாறு இருந்தால் பேட்டரி இறங்கும்.

மனதில் பட்டதைச் சிலதை எழுதுகிறேன், யாரையும் குறை சொல்ல அல்ல. உலகம்மாளுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பகவதி. திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது பகவதி. நான் ஒன்றிரண்டு கேன் தூக்கினால் முறைப்பதும் அவள்தான். செந்தூர்பாண்டி காரியம் முடிந்த அன்று திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் வந்து, பெட்டியைக் கட்டு என்றான். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பகவதி, அத்தையையும் மாமாவையும் விட்டுட்டு நான் எங்க போக என்று சொல்லி, அவன் பிடித்திருந்த பையை வாங்கித் திரும்ப உள்ளே வைத்தாள். நாற்பது நாளில் லைசென்ஸ் எடுத்தாள். ஊரே வாய் பிளந்து பார்க்க வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். அன்றிலிருந்து நான் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

முப்பது வயதுப் பெண். எனக்குத் தெரியாதா?

செட்டுக்கு வேறு கப்ளர் வேண்டும். மதுரையில் கிடைக்குமாம். சொல்லி வைத்திருப்பதாகப் பகவதியிடம் சொன்னேன்.

ஜூன் 26, புதன்

கப்ளர் வந்துவிட்டதாகச் சொல்லிப் பழைய கப்ளரையே மாட்டினேன். வெறும் ஓட்டையாக இருந்தால் வண்டி பார்க்க அசிங்கம். மாட்டும்போது சிவப்பும் மஞ்சளும் இடம் மாறிவிட்டன. வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை.

இப்போது சாவியை எடுத்ததும் செட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. மணியும் மறக்கிறது, சேர்த்த போனையும் மறக்கிறது. பகவதி ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சேர்க்கிறாள். இன்று எட்டு தடவை. செட்டுக்கும் வயசாயிருச்சா மாமா என்று கேலி செய்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

பிளான்ட்டில் தளவாயைப் பார்த்தேன். மூன்று வருடமாகப் பார்க்கிற ஆள்தான், இன்று கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது காலைச் சற்றுச் சாய்த்து நடக்கிறான். எட்டயபுரத்தில் அம்மாவும் அவனும்தான். கேனைப் பிடித்துக் கொடுக்கும்போது மூடியை ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான், ஒவ்வொரு கேனுக்கும். வேலையில் அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

செட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, "குடுங்க மாமா, நான் ஒரு தடவ பாக்கேன். பத்து நிமிசம்" என்றான். தண்ணீர் மிஷின் பார்க்கிறவனுக்கு இது தெரியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பகவதி என்னைக் கூப்பிடாமலே போய் வண்டியைக் கிளப்பினாள்.

ஜூலை 1, திங்கள்

மழை இல்லை. வெயில். கேன் நன்றாகப் போகிறது.

ஜூலை 3, புதன்

காலைச் சாப்பாட்டின்போது பகவதி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகப் பரிமாறிவிட்டு நின்றுகொண்டேதான் இருப்பாள். உலகம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சால்டரிங் அயர்ன் சூட்டில் இருக்கிறது, வந்து கேட்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். இலையில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அயர்ன், சாமான் பெட்டிக்குள் ஆறிப்போய்த்தான் கிடந்தது. வாசல் பிளக்கில் சொருகிச் சூடாக்கினேன். சூடானதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு துண்டு ஒயரை எடுத்து இன்னொரு துண்டோடு பற்றவைத்தேன்.

திரும்பி உள்ளே போய்க் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

உலகம்மாள் இன்று சாடைமாடையாக இல்லை, நேராகவே கேட்டாள். மூணு வாரமா அந்தச் செட்டுல அப்படி என்னதான் செய்யுதீக, ராக்கெட்டா விடுதீக என்றாள். எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் அப்படித்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்பத்து மூன்று வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டாள்.

செட்டை மறுபடி கழற்றி, ஸ்பீக்கர் ஒயரில் ஒன்றைத் திருப்பி வைத்தேன். இப்போது பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. இதைச் சரிசெய்ய இன்னும் நான்கைந்து நாள் ஆகும்.

ஜூலை 10, புதன்

ஆனி முடிய இன்னும் ஆறு நாள். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். இது பொதுவான தகவல், தேதிக் காலண்டரிலேயே போட்டிருக்கிறது.

ஆடி முப்பது நாள் சொச்சம். அது போனால் ஆவணி. ஒரு மாதத்துக்குள் நான் மனதைத் தயார் செய்துகொள்வேன். நான் மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. ஒரு மாதம் கூடுதலாகக் கேட்கிறேன், அவ்வளவுதான். அதையும் வாய் திறந்து யாரிடமும் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிகிறது.

ஜூலை 12, வெள்ளி

லோடு முடிந்து திரும்பும்போது இளையரசனேந்தல் ரோட்டில், ஒரு வேப்பமர நிழலில் பகவதி வண்டியை நிறுத்தினாள். எஞ்சினையும் அணைத்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாமா, செட்டு முடியட்டும், முடியட்டும்னு பாத்தேன்..." என்று ஆரம்பித்தாள்.

போன் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், முப்பது கேன் உடனே வேண்டும் என்றார். நான் முந்திக்கொண்டு, போவோம் போவோம், நல்ல பார்ட்டி, விட்டுவிடக்கூடாது என்றேன். பகவதி வண்டியை எடுத்தாள். மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனியின் கடைசி முகூர்த்தங்கள், ஊரில் எந்த மண்டபமும் காலி இல்லை. நான் அவள் முறைப்பாள் என்பதையும் பொருட்படுத்தாமல் நான்கு கேன் தூக்கினேன். அவள் முறைக்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

"மாமா, செட்டு என்னைக்குத்தான் முடியும்? ஒரு நாள் சொல்லுங்க."

புதன்கிழமை என்றேன்.

பகவதி திரும்பிச் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். புதன்கிழமை ஆடி ஒன்று. "புதன்கிழமையா" என்று மெதுவாகச் சொன்னாள். சரி மாமா என்றாள். இந்தக் குரலில் அவள் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை 15, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஆனி கடைசி நாள். மாலையில் பகவதி கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனவள் அரைமணி நேரம் வரவில்லை. கையில் போன் இருந்தது. பேசியது குறைவு, கேட்டதுதான் அதிகம். வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் கேட்காமலே, தூசி விழுந்துட்டு மாமா என்றாள்.

ஜூலை 17, புதன், ஆடி 1

செட்டு வேலை முடிந்தது. நாற்பது நிமிடம்தான் ஆயிற்று. சிவப்பு சிவப்போடு, மஞ்சள் மஞ்சளோடு. ஸ்பீக்கர் ஒயரைத் திருப்பினேன். மைக்கைக் கண்ணாடிக்கு மேலே வைத்து, ஒயரைக் கதவோர ரப்பர் பீடிங்குக்குள் ஒளித்தேன். ஃபிரேம் கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். முப்பத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

பகவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு மாமா" என்றாள். போனைச் சேர்க்கச் சொன்னேன். அப்புறம் சேத்துக்கிடுதேன் என்றாள். வீட்டில் தேங்காய்ப்பால் பாயசம் வைத்திருந்தாள். எனக்கும் உலகம்மாளுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

இனியும் அவள் ரோட்டில் ஓரங்கட்டித்தான் போன் பேசுவாளோ என்று பயமாக இருக்கிறது. பார்க்கலாம்.

ஜூலை 19, வெள்ளி

ஓரங்கட்டித்தான் பேசுகிறாள். செட்டைத் தொடவே இல்லை.

ஜூலை 20, சனி

உலகம்மாள் இன்று எல்லாவற்றையும் சொன்னாள். பகவதி லோடுக்குப் போயிருந்தாள். முதுகு வலி என்று நான் போகவில்லை. உண்மையில் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

உலகம்மாளுக்கு வைகாசியிலிருந்தே தெரியுமாம். பகவதி முதலில் அவளிடம்தான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். இவள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போதும் தாயி, நீ நல்லா இரு என்றாளாம். ஆனால் மாமாவிடம் நானேதான் சொல்வேன், நீங்க சொல்லக்கூடாது அத்தை என்று பகவதி சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் அன்று சட்னிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

பெண் வீட்டிலிருந்து ஒரு மாதமாகப் பதில் வரவில்லை என்றால், அதுதான் பதில் என்று தளவாயின் அம்மா முடிவு செய்துவிட்டார்கள். அந்தம்மாவுக்கும் உடம்பு முடியவில்லை. அவர்களுடைய அண்ணன் மகள் ஒருத்தி உண்டாம், அந்த வீட்டில் நெடுநாளாகக் கேட்டபடி இருந்தார்களாம். போன திங்கட்கிழமை, ஆனி முடிவதற்கு முதல் நாள், அவளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டார்கள். தளவாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். அம்மா பிடிவாதமாகத் தரையில் படுத்துக்கொண்டார்களாம்.

நான், ஆவணியில் பேசியிருக்கலாமே என்றேன்.

உலகம்மாள் கோபப்படவில்லை. என் கைமேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவ நம்மள விட்டுட்டுப் போக நெனைக்கல. அடுத்த தெருவுலயே வீடு பாத்து வச்சிருந்தாக. தொழில் இப்படியே நடக்கும்னா. ஒண்ணே ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்க இருந்தா. எனக்கு அப்பா இல்ல அத்தை, மாமாதான் கைப்பிடிச்சுக் குடுக்கணும், அவுக மாட்டேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னா."

இதை எழுதி முடிக்க இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். நான் ஒரு மாதம்தான் கேட்டேன். அந்த ஒரு மாதத்தை அவள் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எடுத்தேன். இதையாவது இங்கே நேராக எழுதிவிடுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

பஸ் பிடித்து எட்டயபுரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. தளவாய் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். உள்ளே கூப்பிட்டான், நான் போகவில்லை. தெருமுனை டீக்கடை வரை நடந்தோம். என் நடைக்கு அவன் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான்.

ஜூன் இருபதாம் தேதி நீ பேசியதை நான் வண்டியில் இருந்து கேட்டேன் என்று சொன்னேன். செட்டில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னேன். தப்பு என்னுடையது, பகவதியினுடையது இல்லை, உன் அம்மா காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். அறுபத்தெட்டு வயதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டீ போடுகிறவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தளவாய் என்னைத் திட்டவில்லை.

"பூ வச்சாச்சு மாமா. அந்தப் பிள்ள ஊரெல்லாம் சொல்லிட்டா. அவ என்ன பாவம் செஞ்சா?"

பஸ் ஸ்டாண்ட் வரை வந்து ஏற்றிவிட்டான். ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தான். நல்ல பையன். இதை எழுத எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

நேற்று முழுக்க வார்த்தையைத் தேடினேன். இன்று லோடு முடிந்ததும் பகவதியிடம் சொல்லிவிட்டேன். வண்டி வாசலில் நின்றது, இருவரும் இறங்கவில்லை. போன் வந்ததிலிருந்து ஆரம்பித்து, எர்த், மதுரைக் கப்ளர், சிவப்பு மஞ்சள் ஒயர், ஸ்பீக்கர், எட்டயபுரம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். பதிவேட்டில் எழுதுவதுபோல் தேதியோடு சொன்னேன். அப்படித்தான் எனக்கு வந்தது.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. போன்ல வண்டி செட்டு பேரு காட்டுச்சு. ஜன்னல் வழியா பாத்தேன், நீங்க உள்ள உக்காந்திருந்தீக. கேட்டுட்டாக, இனி நாம சொல்லவேண்டியதில்ல, அவுகளே கூப்பிட்டுப் பேசுவாகன்னு சந்தோசப்பட்டேன். மறுநா காலையில பாத்தா செட்டக் கழட்டி வச்சிருக்கீக."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"ரெண்டு தடவ வந்து நின்னேன் மாமா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா உங்களோட சண்ட போட்டிருப்பேன். எங்க அப்பாவா இருந்தா போட்டிருப்பேன்ல, அந்த மாதிரி. கத்தியிருப்பேன், சாப்பிடாம கிடந்திருப்பேன். நீங்க அதுக்குக்கூட எடம் குடுக்கலையே."

இறங்கி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உலகம்மாளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

ஜூலை 24, புதன்

காலை ஆறு மணிக்குப் பகவதி வண்டியை எடுத்தாள். கேன் ஐம்பது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். "ஏறுங்க மாமா, நேரமாச்சு" என்றாள். ஏறினேன்.

பிளான்ட்டில் தளவாய் இல்லை. வேறு ஆள் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். மூடியைத் திருகிப் பார்க்கவில்லை, பகவதிதான் ஒவ்வொன்றாகத் திருகினாள். பாரதி நகரில் எட்டு கேன், ஆஸ்பத்திரிக்குப் பத்து. ஆஸ்பத்திரியில் வேண்டுமென்றே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், இரண்டாவதையும் தூக்கினேன். மூச்சு வாங்கியது. அவள் பார்த்தாள். வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

வண்டியில் ஏறியதும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை திட்டுவாள் என்று வீடு வரும் வரை காத்துக்கொண்டே வந்தேன். பகவதி என்னோடு சண்டை போடவில்லை.